காதுச்சட்டியின் இடப்பக்கம்

ஜனவரி 6

அன்புள்ள குறடுக்கு,

நானும் அத்தானும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் "ம்" என்று ஒரே எழுத்தில் பதில் வரும். தெரிந்தும் கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கையில் குறடோடு லிஃப்ட் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து பிஸ்கட் கடித்தே காலத்தை ஓட்டுகிறாயா?

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்பாய். போனில் சொன்னால் நான் பாதி சொல்வதற்குள் "தெரியும், தெரியும்" என்பாய். காகிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது. அதோடு என் போனும் சரியில்லை.

விஷயம் இதுதான். நாம் இரண்டு பேரும் பிரித்துத் திருத்திச் செய்த காதுச்சட்டியில் இடது பக்கம் சத்தம் இறங்கிவிட்டது. நீ இதை "ஹெட்போன்" என்று எழுதச் சொல்லுவாய். அம்மா வைத்த பெயரை நான் மாற்றுவதாக இல்லை. முதலில் லேசாகத்தான் இருந்தது. இப்போது வீட்டு டேப்பைப் போட்டால் அம்மாவைத் தேட வேண்டியிருக்கிறது. உனக்கு ஞாபகம் இருக்கும், நீ சமையலறையில் ஒரு மைக்கும் முன்னறையில் ஒரு மைக்கும் வைத்து, அப்பாவின் டேப்ரிக்கார்டரில் பதிவு செய்தது. அம்மா இடது, அப்பா வலது. அம்மா குரல் வேறு எதிலும் நம்மிடம் இல்லை.

இப்போது அப்பா மட்டும் பேசுகிறார். "போட்டாச்சு, போட்டாச்சு" என்கிறார். கொஞ்சம் சும்மா இருக்கிறார். பிறகு, "அவன் எப்படி வருவான்? அதான் போட்டாச்சே!" என்கிறார். யாருமில்லாத அறையில் மனுஷன் தனியாகச் சண்டை போடுவது போல இருக்கிறது. கேட்க முடியவில்லை.

எப்படிச் சரி செய்வது என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜனவரி 15

அக்கா,

ம்.

நீயும் அத்தானும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். நலமில்லை என்றால் எழுதியிருப்பாய்.

போன் சரியில்லை என்றால் போனை மாற்று. இரண்டு நிமிடப் பேச்சுக்கு இரண்டு வாரம் ஆகிறது. இங்கே நான் ஒரு நாளைக்குப் பத்து லிஃப்ட் பார்க்கிறேன். வராத லிஃப்டுக்கு ஜனங்கள் பொத்தானைத் திரும்பத் திரும்பக் குத்துவார்கள். அந்த மாதிரிதான் இருக்கிறது, கடிதத்தைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது.

சரி, கோளாறுக்கு வருகிறேன். எந்தக் கோளாறிலும் முதல் கேள்வி "என்ன" இல்லை, "எங்கே". டேப்பில் மட்டுமா, எல்லாப் பாட்டிலுமா? டேப்பில் மட்டும் என்றால் ரிக்கார்டரின் ஹெட்டைப் பஞ்சால் துடை. எல்லாவற்றிலும் என்றால், பின்னைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டு. ஒயரைக் காதை மூடும் கிண்ணத்தின் அடியில் பிடித்து ஆட்டிப் பார். கரகரவென்றால் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய். ஹெட்போனைத் திருப்பி மாட்டு. வலது காது மெத்தையில் நீ சிவப்பு நூல் தைத்திருக்கிறாயே, அது இடது காதில் வரட்டும். இப்போது குறைவு வலது காதுக்குப் போனால் கோளாறு பொருளில். அப்போதும் இடது காதிலேயே இருந்தால் உன் காதில் அழுக்கு. அதற்கு நான் வைத்தியம் பார்ப்பதில்லை. காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. முடித்துவிட்டு எழுது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள குறடுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். "எல்லோரும்" என்றால் நாங்கள் இரண்டு பேர், கடையில் வேலை பார்க்கும் பெண், தையல் மெஷின். மெஷினுக்குத்தான் கொஞ்சம் முழங்கால் வலி. பள்ளிச் சீருடை ஆர்டர் வந்திருக்கிறது. கண்ணை மூடினால் நீலக் கால்சட்டையாக வருகிறது.

எல்லாப் பாட்டிலும் இடது குறைவுதான். ஹெட்டைத் துடைத்தேன். பின்னைத் துடைத்தேன். ஒயரை ஆட்டினேன், கரகரப்பு இல்லை. அத்தானிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டு சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு பக்கமும் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க."

"நல்லாக் கேட்டுத்தான் சொல்றேன். உங்கம்மா கதவு சாத்தியாச்சான்னு கேக்கறாங்க. இந்தம்மா உயிரோட இருந்தப்பவும் என்னை இதைத்தான் கேட்டாங்க."

அவர் பேச்சை எடுத்துக்கொள்ளாதே. நாள் முழுக்க பஸ் என்ஜின் மேல் உட்கார்ந்திருக்கிற காது. இடியும் இருமலும் ஒன்றுதான் அவருக்கு.

துடைக்கும்போது அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிண்ணத்தின் பின்னால் நீ போட்ட துளைகள் கோணல்மாணலாக இருக்கின்றன. டிரில்லை நீ பிடிக்க, கிண்ணத்தை நான் பிடிக்க, "அக்கா ஆடாதே, அக்கா ஆடாதே" என்று கத்தினாய். ஆடியது உன் கைதான்.

வேறு என்ன செய்யலாம் என்று எழுது. குளிரில் தலைக்குத் துணி கட்டிக்கொள்.

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

நலம். தலைக்கு ஹெல்மெட் போட்டிருக்கிறேன், துணி தேவையில்லை.

ஆடியது கிண்ணம். கிண்ணத்தைப் பிடித்தது நீ. இதை இத்தோடு விடுவோம்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், நான் கேட்ட ஒன்றுக்குப் பதில் இல்லை. திருப்பி மாட்டினாயா இல்லையா? மாட்டியிருப்பாய், கோளாறு பொருளில்தான் என்று தெரிந்ததால் எழுதாமல் விட்டிருப்பாய் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். அத்தான் காதைக் கணக்கில் எடுக்க முடியாது என்பதில் நமக்குள் சண்டை இல்லை.

என் சந்தேகம் மெத்தை மேல். அந்த வெல்வெட் மெத்தை தைத்து எத்தனை காலம் ஆகிறது! உள்ளே பஞ்சு அமுங்கியிருக்கும். மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் சத்தம் அந்த வழியாக ஓடிவிடும். அடிக்குரல் முதலில் போகும், அப்புறம் மொத்தமும் சப்பென்று ஆகிவிடும். நீ எந்தப் பக்கமாகச் சாய்ந்து கேட்கிறாயோ அந்தப் பக்க மெத்தை சீக்கிரம் படுக்கும். நீ எப்போதும் இடது பக்கம்தான் சாய்வாய். சமையலறைப் பக்கம்.

புது மெத்தை தை. பழைய அளவே போதும், பஞ்சு மட்டும் கெட்டியாக. உள்வட்டத்தில் துணி மடிப்பு துருத்தக்கூடாது, காதில் உரசும். இரண்டையும் மாற்று, ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒத்துவராது.

நம் வீட்டில் அதை முதல் முதலாகத் திறந்தபோது உள்ளே இருந்த அடைப்பஞ்சைப் பார்த்து அம்மா, "தலையணையைப் பிச்ச மாதிரி இருக்குடா" என்றாள். அந்தப் பஞ்சை எடுத்துவிட்டு உன் கடைக் கம்பளித்துணியை வெட்டி ஒட்டியபோதுதான் பாட்டில் பின்னால் இருந்த வயலின் வெளியே வந்தது. இன்றைக்கு என்னிடம் இருக்கிற ஹெட்போன் விலை கேட்டால் நீ அடிப்பாய். ஆனால் அந்த வயலின் மாதிரி ஒன்று இதில் இன்னும் வரவில்லை. இதை அத்தானிடம் சொல்லாதே, இன்னும் சிரிப்பார்.

நலம் விழையும்
தம்பி


மார்ச் 8

அன்புள்ள குறடுக்கு,

நலம். நீ நலமென்று எழுதியதில் ஒரு சொல் கூடியிருக்கிறது, சந்தோஷம்.

மெத்தை தைத்துவிட்டேன். கறுப்பு வெல்வெட் கிடைக்கவில்லை, கரும்பச்சையில் தைத்தேன். சீருடைக்கு நடுவில் ஒளித்து ஒளித்துத் தைத்தேன். கடைப் பெண் எட்டிப் பார்த்து, "யாருக்குக்கா இவ்ளோ சின்னத் தொப்பி?" என்றாள். "காதுக்கு" என்றேன். அன்றைக்கு முழுக்க என்னை ஒரு மாதிரியாகவே பார்த்தாள்.

மாட்டியதும் கொஞ்சம் பரவாயில்லை போல இருந்தது. அம்மா "என்னங்க" என்றது கேட்டது. நிஜமாகவே கேட்டது. அன்றைக்கு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நாளைக்கும் ஒரு முறை கேட்டுவிட்டு எழுதலாம் என்று வைத்துவிட்டேன். மறுநாளும் கேட்டேன், அதற்கு மறுநாளும். அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு தாமதம்.

திரும்ப இறங்கிவிட்டது.

திருப்பி மாட்டச் சொன்னாயே, திருப்பினால் அந்தப் பட்டை தலையில் சரியாக உட்காரவில்லை. உள்ளே ஏதோ டிரைவர் என்று ஒன்று இருக்கும், அதிலிருந்துதான் சத்தமே வருகிறது என்று நீ சொல்வாய் அல்லவா? அதை மாற்றினால் சரியாகுமா? மாற்றலாம் என்றால் சொல். அப்படியே எங்கள் வீட்டு டிரைவரையும் மாற்ற வழி உண்டா என்று கேள். காது மந்தம் அவருக்கு; காலையிலிருந்து அவர் கூப்பிட்டது என் காதில் விழவில்லை என்கிறார்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் நிறையக் குடி.

அக்கா


மார்ச் 16

அக்கா,

நலம், நலம், நலம். மூன்று தரம் எழுதிவிட்டேன், அடுத்த கடிதத்துக்கும் சேர்த்து.

பட்டை உட்காரவில்லை என்று யாரிடம் சொல்கிறாய்? பெட்டி கட்டுகிற எஃகுப் பட்டையை முழங்காலில் வைத்து வளைத்தவன் நான். இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே. திருப்பினாலும் உட்காரும், தலைகீழாக மாட்டினாலும் உட்காரும். சின்ன ஒரு சோதனை. அதைச் செய்ய மாட்டேன் என்று ஏன் ஒற்றைக்காலில் நிற்கிறாய்?

லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஆள் போன் பண்ணுவார். "எந்த மாடியில நிக்குது சார்?" என்றால், "எனக்கு மூச்சு முட்டுது" என்பார். "சார், மாடி?" "எனக்கு மீட்டிங் இருக்கு." கடைசி வரை மாடியைச் சொல்ல மாட்டார். நீ அப்படிச் செய்கிறாய்.

கடிதத்தில் டிரைவர் மாற்றச் சொல்லிக்கொடுக்க என்னால் ஆகாது. தலைமுடியை விட மெல்லிய கம்பி; சால்டர் வைக்கிறேன் என்று நீ தொட்டால் போய்விடும். ஹெட்போனைப் பார்சலில் அனுப்பு. கிண்ணத்தின் முகத்தில் அட்டை வைத்துக் கட்டு. டேப்பையும் சேர்த்து அனுப்பு, இங்கேயே போட்டுப் பார்த்துவிடுகிறேன். பத்து நாளில் முடித்துத் திருப்பி அனுப்புவேன். அம்மா பேசுவாள். என் பொறுப்பு.

அத்தானை மாற்ற வழியில்லை. அந்த மாடல் இப்போது வருவதில்லை.

தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

சுகம். சீருடை வேலை முடியவில்லை, அதனால்தான் எழுதவில்லை.

பார்சல் அனுப்பியிருக்கிறேன். கடைப் பெண்தான் கட்டினாள். டேப்பை அனுப்பவில்லை. அது போகிற வழியில் எங்காவது தொலைந்தால் என்னால் தாங்க முடியாது.

நீ கையை வைத்தால் சரியாகிவிடும். நம் வீட்டில் நீ திறந்து, சரியாகாமல் மூடிய பொருள் ஒன்றுகூட இல்லை. அப்பாவின் கடிகாரம் ஓடியது. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடியது. கோளாறு அதில்தான், இன்ன இடத்தில்தான் என்று பார்த்துவிட்டு ஒரு வரி எழுது. மற்றது மெதுவாகச் செய்தால் போதும். அந்த ஒரு வரியை மட்டும் சீக்கிரம் எழுது.

உடம்பு பத்திரம்.

அக்கா


மே 9

அக்கா,

நலம். பார்சல் நல்லபடியாக வந்தது. கரும்பச்சை நன்றாகத்தான் இருக்கிறது. மடிப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

பிரித்துப் பார்த்தேன். இரண்டு டிரைவரும் சுத்தம். சால்டர் எல்லாம் பிடித்திருக்கிறது. ஒயரை மீட்டரில் வைத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே அளவு. அதோடு விடாமல், அட்டைப் பெட்டியில் காதளவு ஓட்டை வெட்டி, அதற்குள் மைக்கைப் பொருத்தி, ஒரே சத்தத்தை முதலில் இடது கிண்ணத்திலும் பிறகு வலது கிண்ணத்திலும் விட்டு அளந்து, வரைபடத்தில் கோடு போட்டேன். கீழ்ச்சுருதியிலிருந்து மேல்வரை இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. புதுப் பெட்டியில் வரும் விலை உயர்ந்த ஹெட்போனில்கூட இப்படி வராது. உன் மெத்தைதான் காரணம். ஒரே கை, ஒரே இழுப்பு.

மாட்டிக்கொண்டு பாட்டும் கேட்டேன். பின்னால் இருந்த வயலின் அதே இடத்தில் இருக்கிறது.

இதில் கோளாறே இல்லை. ஜனவரியிலிருந்து பஞ்சு, பின், மெத்தை, பார்சல் என்று என்னை எதற்கு இப்படிச் சுற்றவிட்டாய்? அத்தானே சொல்லியிருக்கிறார், இரண்டு பக்கமும் நன்றாக இருக்கிறது என்று. நாம்தான் அவர் காதைக் கேலி பண்ணினோம். ஒரே ஒரு தரம் திருப்பி மாட்டியிருந்தால் முதல் நாளே

கடிதத்தை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். நான் ஒழுங்காகப் படித்தது இன்றைக்குத்தான். மற்ற நாளெல்லாம் கோளாறு எந்த வரியில் இருக்கிறது என்று தேடிவிட்டு மடித்து வைத்திருக்கிறேன்.

கடையில் போன் வந்தால் வலது கையில் கத்திரிக்கோலைப் பிடித்தபடியே பேசுவாய். போனைத் தோளில் இடுக்கிக்கொள்வாய். எந்தத் தோள் என்று எனக்குத் தெரியும், இடது. அந்தப் பக்கம் ரவிக்கைத் தோள் எப்போதும் கசங்கியிருக்கும்.

அக்கா, உன் போனில் என்ன கோளாறு?

தம்பி


மே 17

மச்சானுக்கு,

நலம். உங்கள் அக்கா எழுதவில்லை, நான் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை வெட்டுப்பலகை மேல் வைத்துப் படித்தாள். படித்துவிட்டு அதன் மேலேயே துணியைப் போட்டு வெட்ட ஆரம்பித்தாள். நான் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன எழுதியிருக்கான்?"

"சட்டி நல்லா இருக்காம்."

"நல்லா இருந்தா நல்லதுதானே?"

அதற்கு அழுதாள் மச்சான். இத்தனை வருஷத்தில் இப்படி அழுது பார்த்ததில்லை. நான் அவள் இடது பக்கம் நின்று, "ஏம்மா, ஏம்மா" என்று கேட்கிறேன், அவள் திரும்பவே இல்லை. அந்தப் பக்கம் போய்க் கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்தாள். நான் பஸ் ஓட்டுகிறவன். எந்தப் பக்கம் வண்டி வருகிறது என்று பார்க்கிறதுதான் என் வேலை. வீட்டில் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

நாளை லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். அவளை இப்போது எதுவும் திட்டி எழுதாதீர்கள்.

இப்படிக்கு
அத்தான்


மே 30

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பில் மற்றதெல்லாம் சுகம்.

டாக்டர் சின்னப் பெண். ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, நீ கிண்ணத்துக்குச் செய்த மாதிரியே எனக்கும் செய்தாள். பக்கம் பக்கமாகச் சத்தம் விட்டுக் கோடு போட்டாள். என் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழவில்லை. வலது நன்றாக இருக்கிறது. இடதில் நரம்பு போய்விட்டது. இனி வராது என்று சொல்லிவிட்டாள். ஆரம்பத்திலேயே காட்டியிருந்தால் திரும்ப வந்திருக்குமா என்று அத்தான் கேட்டார். சில பேருக்கு வரும், சில பேருக்கு வராது, உங்களுக்கு எது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றாள். நீ இதை மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்காதே.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். திருப்பி மாட்டினேன். உனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முன்னாடியே மாட்டிவிட்டேன். உன்கூட இருந்து கற்றுக்கொண்டதுதானே, எது கெட்டாலும் இடம் மாற்றிப் பார் என்பது. சிவப்பு நூல் இடது காதில் இருந்தது, அப்பா இந்தப் பக்கம் வர வேண்டும். வந்தார், சின்னதாக. அம்மா அந்தப் பக்கம் போய் நன்றாகப் பேசினாள். உடனே கழற்றிவிட்டேன்.

அன்றைக்கே தெரியும். ஆனாலும் உனக்கு எழுதினேன். அழுக்கு, பஞ்சு, ஒயர் என்று நீ ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒருவேளை என் சோதனைதான் தப்போ என்று தோன்றும். ஒவ்வொரு கடிதத்துக்கும் அது போதுமாக இருந்தது. மெத்தை மாற்றிய அன்று அம்மா "என்னங்க" என்றது கேட்டது என்று எழுதினேனே, அது பொய்யில்லை. எனக்குக் கேட்டது.

இனி டேப்பை எப்படிக் கேட்பது என்றுதான் புரியவில்லை. திருப்பி மாட்டினால் அம்மா மட்டும், நேராக மாட்டினால் அப்பா மட்டும். ஒருவர் பேச இன்னொருவர் இல்லை.

சாப்பிடு. கோபப்படாதே.

அக்கா


ஜூன் 6

அக்கா,

நலமாகத்தான் இருக்கிறேன். திட்டக்கூடாது என்று அத்தான் உத்தரவு. அதனால் எழுதுவதற்கு அதிகம் இல்லை.

நான்கு மாதம் நோயில்லாத ஆளுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு வராது.

பார்சலில் ஹெட்போனும் ஒரு சின்ன ஒயரும் வரும். ஒயரில் நடுவே கட்டை விரல் அளவுக்கு ஒரு முடிச்சு இருக்கும், அதற்குள்தான் வேலை. இடது, வலது இரண்டையும் அங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சும்மா முறுக்கிவிட்டால் ஒன்றை ஒன்று இழுத்து ரிக்கார்டரைக் கெடுக்கும். அதனால் ஆளுக்கு ஒரு ரெசிஸ்டர் வைத்திருக்கிறேன். ரிக்கார்டரில் இதைக் குத்து, இதில் ஹெட்போனைக் குத்து. இரண்டு கிண்ணத்திலும் இரண்டு பேரும் வருவார்கள். சத்தம் கொஞ்சம் குறையும், திருகிக் கூட்டிக்கொள். வலது காது தாங்குகிற அளவுக்கு மேல் கூட்டாதே. அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் இனி எல்லாம்.

பக்கம் பிரிந்து கேட்பதுதான் பாட்டு, மற்றதெல்லாம் இரைச்சல் என்று உன்னிடம் எத்தனை சண்டை போட்டிருப்பேன். வயலின் எங்கே, தபேலா எங்கே என்று கையை நீட்டிக் காட்டுவேன். அதையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுபோய்க் குவிக்கிற சாமானை என் கையாலேயே செய்தேன். செய்து முடித்து நான் அதில் எதையும் கேட்டுப் பார்க்கவில்லை. மீட்டரில் மட்டும் பார்த்தேன், சரியாக இருக்கிறது. கேட்க வேண்டியது நீ.

எப்படி இருக்கிறது என்று எழுது. மோசமாக இருந்தால் மோசம் என்று எழுது. இந்தத் தடவையாவது.

தம்பி


ஜூன் 19

அன்புள்ள குறடுக்கு,

வந்துவிட்டது. குத்தினேன். மாட்டினேன்.

முதலில் வீடு சின்னதாகிவிட்டது போல இருந்தது. சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் இருந்த நடை காணாமல் போய்விட்டது. அம்மா, "என்னங்க, கதவைத் தாழ் போட்டீங்களா?" என்றாள். எங்கேயும் தேட வேண்டியிருக்கவில்லை. அப்பா பக்கத்தில் நின்று, "போட்டாச்சு, போட்டாச்சு" என்றார்.

"பால்காரன் வரலையா?"

"அவன் எப்படி வருவான்? அதான் போட்டாச்சே!"

"அப்பத் தொறந்து விடுங்க."

"இப்பத்தானேடி போடச் சொன்ன?"

உனக்கு ஒன்று எழுத வேண்டும், அதற்குத்தான் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் அம்மா கேட்டு முடிப்பாள், அந்தப் பக்கத்திலிருந்து அப்பா பதில் சொல்லுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போய் வர நமக்கு நேரம் பிடித்திருக்கிறது போல. ஒரே இடத்தில் கேட்டால் அப்படி இல்லை. அம்மா "கதவை" என்னும்போதே அப்பா "போட்டாச்சு" என்று தொடங்கிவிடுகிறார். அப்பா "அவன் எப்படி" என்று இழுக்கும்போதே அம்மா "தொறந்து விடுங்க" என்று வந்துவிடுகிறாள். ஒருத்தர் சொல்வதை ஒருத்தர் முழுதாகக் கேட்கவே இல்லை. ஒரு பதில்கூடத் தப்பவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், டேப் முழுக்க அப்படித்தான்.

அத்தானையும் கேட்க வைத்தேன். கழற்றி வைத்துவிட்டு, "இதுக்குக் காது எதுக்கு?" என்றார். இந்த மனுஷனிடம் இப்படி ஒரு பேச்சு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சிரித்துவிட்டேன்.

மோசமாக இருந்தால் மோசம் என்று எழுதச் சொன்னாய். நீ சொன்ன வயலின் போய்விட்டது. பாட்டெல்லாம் ஒரே கூட்டமாக வருகிறது, பஸ்ஸில் ஏறுகிற மாதிரி. அது மோசம்தான். பாட்டு கேட்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

நான் சுகம். அத்தான் சுகம். அம்மாவும் அப்பாவும் ஒரே அறையில் இருக்கிறார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது, ஒரு எழுத்தில் வேண்டாம்.

அக்கா